காலால் அழித்த தடம்

நீவெஸுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். டென்னிஸை விடுவதற்குள் ஒரு தடவையாவது ஃபியம்மெத்தாவை ரோமில், அவள் சொந்த ஜனங்கள் பார்க்கத் தோற்கடித்துவிட வேண்டும். கோப்பையெல்லாம் அப்புறம்தான். பன்னிரண்டு வயதிலிருந்து எந்த இறுதி ஆட்டத்துக்குப் போனாலும் எதிரே இந்த ஃபியம்மெத்தாதான் நிற்பாள். நின்றால் ஜெயித்துவிட்டுத்தான் போவாள். ஊர் மாறும், வருஷம் மாறும், கூத்து மட்டும் மாறாது. ஒரு மனுஷிக்கு எரிச்சல் வராதா?

இனி அடுத்த வருஷம் என்ற பேச்சே கிடையாது. வலது தோளைப் படமெடுத்துப் பார்த்த டாக்டர் கையை விரித்துவிட்டார். செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு அந்தக் கை தலை சீவ உதவும், பந்தடிக்க உதவாது. அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் அண்ணன் தாரியோவைத் தவிர வேறு யாரிடமும் இதைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. தெரிந்தால் போதும், ஃபியம்மெத்தா ஒவ்வொரு பந்தையும் அந்தத் தோளுக்கு மேலேயே தூக்கிப் போட்டு உயிரை எடுத்துவிடுவாள்.

முதல் செட் ஃபியம்மெத்தாவுக்கு, இரண்டாவது நீவெஸுக்கு. மூன்றாவதில் நீவெஸ் முந்தினாள். துறைமுக ஊரான திரியெஸ்தேயிலிருந்து வந்தவள் முந்துவது ரோம்காரர்களுக்குப் பொறுக்கவில்லை.

"ஏய் திரியெஸ்தேக்காரி, உங்க ஊர்க் கப்பல் கிளம்பப் போகுது, போய் ஏறிக்கோ!" என்று வாய் நிறையச் சுப்ளி என்கிற பொரித்த சோற்று உருண்டையை வைத்துக்கொண்டு ஒருவன் கத்தினான். அரங்கைச் சுற்றி நின்ற பளிங்குச் சிலைகளைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

பக்கம் மாறும்போது வலைக்கருகில் இருவரும் எதிர்ப்பட்டார்கள்.

"என்னடி, இன்னைக்கு ஆளே வேற மாதிரி இருக்கே? வீட்ல சண்டையா?" என்றாள் ஃபியம்மெத்தா.

"உன் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போச்சுடி. சீக்கிரம் முடிச்சிட்டுப் போறேன்."

"முடி பார்க்கலாம்."

ஐந்துக்கு நான்கு. செர்வ் நீவெஸுடையது. ஒவ்வொரு தடவை கையைத் தூக்கும்போதும் தோளுக்குள் நெருப்பை வைத்ததுபோல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நாற்பதுக்கு முப்பது வரை வந்துவிட்டாள். இன்னும் ஒரே ஒரு புள்ளி.

அந்தப் புள்ளி லேசில் முடியவில்லை. மாறி மாறி அடித்து, செங்கல் பொடி பரப்பிய தரையில் சறுக்கிச் சறுக்கி, கடைசியில் ஃபியம்மெத்தா இடது மூலைக்கு ஒன்றை ஓங்கி விட்டாள். நீவெஸ் பார்த்தாள், விட்டுவிட்டாள். பந்து கோட்டைத் தாண்டி விழுந்தது. கோட்டருகே நின்றவர் கையை நீட்டி "வெளியே" என்றார். செம்பொடியில் பதிந்த தடம் அவள் காலடியிலேயே இருந்தது. அதற்கும் வெள்ளைக்கோட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி.

ஜெயித்துவிட்டாள்.

அந்த நிமிஷத்தில்தான் பாழாய்ப்போன கால் தன் வேலையைக் காட்டியது. செம்மண்ணில் ஆடுகிறவர்கள் ஒரு புள்ளி முடிந்ததும் தடத்தைக் காலால் தேய்த்துவிட்டுப் போவார்கள். ஏழு வயதிலிருந்து செய்து செய்து ஊறிப்போன பழக்கம். நீவெஸ் தேய்த்தாள். தேய்த்துவிட்டு இடது கையை உயர்த்தி அண்ணன் பக்கம் திரும்பினாள். தாரியோ இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

எதிர்ப்பக்கத்தில் ஃபியம்மெத்தா விரலைத் தூக்கியிருந்தாள். தடத்தைப் பார்க்கச் சொல்லிக் கேட்கிறாள்.

அம்பயர் உயர்ந்த நாற்காலியிலிருந்து இறங்கி வந்தார்.

"தடம் எங்கம்மா?"

"இங்கதான் சார். ரெண்டு விரல் வெளிய."

"அழிச்சிட்டீங்களே."

"லைன்ல நின்னவரைக் கேளுங்க சார். அவரும்தான் பார்த்தாரு."

"நான் பார்க்கறதுக்குள்ள தடத்தை அழிச்சா பாயிண்டை விட்டுக்கொடுத்த மாதிரி. உங்களுக்குத் தெரியாத சட்டமா?"

"ஆட்டம் முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன் சார்."

"முடிஞ்சுதுன்னு நான்தானம்மா சொல்லணும்."

நீவெஸ் வலைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். ஃபியம்மெத்தா 'போகட்டும் விடுங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளோ மட்டையின் நரம்புகளை ஒவ்வொன்றாக நேராக்கிக்கொண்டிருந்தாள்.

நாற்பதுக்கு நாற்பது. அரங்கமே எழுந்து கூத்தாடியது. நீவெஸ் அடித்த அடுத்த இரண்டு செர்வும் வலையில் விழுந்தன. அந்த கேம் போயிற்று, அடுத்ததும் போயிற்று. அதற்கடுத்ததில் அவள் பந்தைத் துரத்தக்கூட இல்லை. ஏழுக்கு ஐந்து என்று ஃபியம்மெத்தா ஜெயித்தாள்.

கோப்பை, படம், கைதட்டல் எல்லாம் முடிந்து உடை மாற்றும் அறைக்கு வந்தபோது அங்கே அவர்கள் இருவர் மட்டுமே இருந்தார்கள். நீவெஸ் சட்டையைக் கழற்றப் பார்த்தாள்; வலது கை எழவே இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த ஃபியம்மெத்தா எழுந்து வந்து சட்டையைத் தலை வழியாக உருவிவிட்டாள். தோள் வீங்கிக் கன்றிக் கிடந்தது.

"என்னடி இது?"

"செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். அதோட சரி."

"அதோட சரின்னா?"

"இனி ஆட முடியாதுடி. இதான் கடைசி."

ஃபியம்மெத்தா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பந்து வெளியதானே விழுந்துச்சு?"

"ஆமா."

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. நீ காலை வச்சு அழிச்சதைப் பார்த்தேன், கேட்டுட்டேன்." பிறகு குரல் இறங்கி, "முன்னாடியே சொல்லியிருக்கலாமேடி," என்றாள்.

"சொல்லியிருந்தா? கேக்காம விட்டிருப்பியா?"

ஒரு பொய் சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். நல்லவள் என்ற பேராவது மிஞ்சியிருக்கும். ஃபியம்மெத்தா உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள்.

"இல்லடி. அப்பவும் கேட்டிருப்பேன்."

நீவெஸுக்கு அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. ஃபியம்மெத்தாவின் இடத்தில் இருந்திருந்தால் தானும் கேட்டிருப்பாள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். திட்டித் தீர்க்கக்கூட ஆள் இல்லாமல் போயிற்று.