அப்பா நான்காம் வகை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையது இல்லை, என் அறைத்தோழனுடையது. எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. ஆனா என் பேரைப் போட்டே, பல்லைத் தட்டிடுவேன்" என்றான். எங்கள் மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவம் இல்லை. ஆகவே பெயரைப் போடவில்லை. கல்லூரி முழுக்க அவனை 'ஒத்திகை' என்றுதான் கூப்பிடும். இரண்டாம் ஆண்டுத் தேர்வை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் தவறி, இரண்டு முறையும் "இது சும்மா ஒத்திகைதான்டா" என்று சொன்னதால் வந்த பெயர்.

2

தொடக்கம், முதல் வரைவு: ரத்தம் சிவப்பாக இருந்தது.

[அடித்துவிட்டேன். வேறு எந்த நிறத்தில் இருக்கும்?]

இரண்டாம் வரைவு: நரம்புகள் மனிதனின் வேர்கள். அவற்றின் வழியேதான் துயரம்

[ஒத்திகை எட்டிப் பார்த்து, "எந்த நரம்புடா? பேரோட எழுது, எனக்கும் ஞாபகம் இருக்கும்" என்றான். வாக்கியம் அங்கேயே மயங்கி விழுந்தது.]

மூன்றாம் வரைவு, வேறு வழியில்லாமல் உண்மை: ரத்தக் கோளாறுகள், நரம்புக் காயங்கள், நோய் எதிர்ப்பு, மூன்றுக்கும் சேர்த்து ஒரே வாய்மொழித் தேர்வு.* இருபதுக்குப் பத்து வாங்கினால் ஒத்திகை மூன்றாம் ஆண்டுக்குப் போவான். வாங்காவிட்டால் அவன் தங்கை அவன் வகுப்புக்கே வந்துவிடுவாள்.

* இந்த மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டியது யார் என்று கேட்காதீர்கள். பாடத்திட்டக் குழுவில் எனக்கு ஆள் இல்லை.

3

தங்கை அதே கல்லூரியில் முதலாண்டு. அவளைக் கதையில் ஒரு பூச்சாண்டியாக மட்டும் வைத்திருந்தேன். வரைவைப் படித்துவிட்டு நேரே சண்டைக்கு வந்தாள். "எல்லாரும் பேசறாங்க, நான் மட்டும் என்ன ஊமையா?" நியாயம்தான். போன வாரம் கேன்டீனில் காதில் விழுந்ததை அப்படியே தருகிறேன்.

"அண்ணா, அடுத்த வருஷம் எனக்கு ஃபேனுக்குக் கீழே இடம் பிடிச்சு வை."

"போடி. இந்தத் தடவை தாண்டிடுவேன்."

"உன் நோட்ஸை மட்டும் கொடுத்துடாதே. ரெண்டு தடவை போட்டும் கேட்காத மருந்து அது."

"பெரியவன்னு ஒரு மரியாதை இருக்கா?"

"இப்ப இருக்கு. ஒரே வகுப்புன்னா அப்புறம் வாடா போடாதான்."

4

ஒத்திகையின் மண்டையில் பாடம் ஏறாது. ஏற்கெனவே சொந்தக்காரர்கள் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். சரி, அவர்களைக் கிளப்ப முடியாவிட்டால் ஆளுக்கொரு வேலை கொடுப்போம் என்று ஒவ்வொரு நோயையும் ஒருவர் தலையில் கட்டினான்.

ரேடியல் நரம்பு அடிபட்டால் மணிக்கட்டு தொங்கிவிடும், நிமிர்த்த முடியாது. அது மாமா. வீடு மாற்றிய அன்று பீரோவைப் பார்த்ததும் மாமாவின் கை அப்படித்தான் ஆயிற்று. முகநரம்பு வாதம் பெரியப்பா. எந்த நல்ல செய்திக்கும் பாதி வாயால்தான் சிரிப்பார். ரத்தம் உறையாத ஹீமோஃபீலியா அம்மா வழியாக வந்து மகனைப் பிடிக்கும். அப்பாவின் கருத்துப்படி ஒத்திகையிடம் உள்ள எல்லாக் குறைகளும் அந்த வழியில் வந்தவையே.

ஒவ்வாமையில் நான்கு வகை. முதல் வகை, உடனடி: அம்மா. சொல்லி முடிப்பதற்குள் பொங்கிவிடும். நான்காம் வகை, தாமதம்: அப்பா. செவ்வாய்க்கிழமை சொன்னால் "ம்" என்பார். வியாழக்கிழமை வீடு இரண்டாகும். இரண்டாம், மூன்றாம் வகைகளுக்கு ஆள் கிடைக்காததால் அவன் அவற்றைப் படிக்கவில்லை.

[குடும்பம் என்பதே தன்னைத் தானே தாக்கிக்கொள்ளும் ஒரு நோய் எதிர்ப்பு மண்டலம் என்று இங்கே ஒரு கட்டுரை ஆரம்பித்தேன். என் அம்மாவும் இதைப் படிப்பார் என்ற நினைவு வந்தது.]

5

எங்கள் கல்லூரியில் ஒருவன் பதில் சொல்லும்போது அடுத்தவன் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும், பயம் பழகுவதற்கு. அந்த அடுத்தவன் நான். ரத்தத்தையும் நரம்பையும் ஒத்திகை உறவினர்களை வாய்க்குள்ளேயே அடக்கிக்கொண்டு கடந்தான். மேசையில் இருந்த தாளைத் தலைகீழாகப் படித்தேன்: ஒன்பது. ஒரு கேள்வி பாக்கி.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மையார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "நாலாம் வகை ஒவ்வாமை. சொல்லுங்க."

"அப்பா, மேடம்."

"அப்பாவுக்கு என்ன?"

"அவர் நல்லா இருக்கார் மேடம். கோபம் மட்டும் ரெண்டு நாள் கழிச்சு வரும்."

பக்கத்தில் இருந்த எங்கள் பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏன் ரெண்டு நாள்?"

ஒத்திகை நிமிர்ந்தான். இத்தனை வருடத்தில் அவனிடம் எல்லோரும் 'என்ன' என்றுதான் கேட்டிருக்கிறார்கள். 'ஏன்' என்று யாரும் கேட்டதில்லை.

"அம்மாகிட்ட எல்லாம் கைவசம் ரெடியா இருக்கும் மேடம், பட்டதும் வெடிச்சிடும். அப்பாகிட்ட அப்படி இல்ல. யாராவது ஒருத்தர் கொண்டுவந்து, இதைப் பாருங்கன்னு காட்டணும். பழைய சண்டையில பார்த்த ஆள்தான் இதுன்னு அவர் அடையாளம் கண்டுக்கணும். அப்புறம் சித்தப்பாங்களுக்குச் சொல்லி அனுப்புவார். அவங்க கிளம்பி, வந்து சேர்ந்து, எல்லாரும் கூடி அந்த இடத்தை வீங்க வைக்க ரெண்டு நாள் ஆகும்."

பேராசிரியர் ஒரு கண்ணைத் திறந்தார். அம்மையார் பேனாவைக் கையில் எடுத்தார்.

"உடம்புக்குள்ள நடக்கறதும் அதேதான். அந்த அப்பா எந்த செல்? பேர் சொல்லுங்க."

ஒத்திகை மின்விசிறியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அப்பாவின் சொந்தப் பெயர்தான் வாயில் வந்தது. அதையே சொன்னான்.

6

முடிவு அ: அம்மையார் கண்ணைத் துடைத்தபடி பத்து போடுகிறார். [தேர்வு எழுதிய யாரும் நம்பமாட்டார்கள்.]

முடிவு ஆ: தவறுகிறான். அண்ணனும் தங்கையும் ஒரே பெஞ்சில், ஒரே புத்தகத்தில் [தங்கை: "நான் அவன் பக்கத்துல உட்காரவே மாட்டேன். மாத்து."]

முடிவு இ: ஒத்திகையே சொன்னான். "பாஸ்னு எழுதிடேன்டா. கதைதானே?" எழுதப் போனேன். கை ஓடவில்லை. நான் போடும் பத்து கதைக்குள் மட்டும்தான் செல்லும்.

மதிப்பெண் பட்டியல் இன்னும் ஒட்டவில்லை. எனக்குத் தெரிந்த கடைசிக் காட்சி இதுதான்.

"மேடம், பேர் இன்னிக்கு மறந்துபோச்சு" என்றான் ஒத்திகை. "புத்தகத்தைத் திறந்தா கிடைச்சிடும். ஏன்னு கேட்டீங்களே, அதை மட்டும் இனிமே மறக்க மாட்டேன்."

டி செல். அந்த இரண்டு சொல்லும் என் நுனிநாக்கில் இருந்தன, சொல்லக்கூடாது. இப்போது உங்களுக்கும் தெரியும், உங்களாலும் சொல்ல முடியாது. நாளை உங்கள் கையில் ஊசி போட்ட இடம் வீங்கினால் இவனிடம் காட்டுவீர்களா, மாட்டீர்களா? அதை மட்டும் யோசியுங்கள்.

தாளையும் அம்மையாரின் பேனாவையும் உங்கள் பக்கம் நகர்த்தி வைக்கிறேன். மூடி திறந்திருக்கிறது. மை காய்வதற்குள் மதிப்பெண்ணைப் போடுங்கள், அவன் நின்றுகொண்டிருக்கிறான்.