இரவல் மணி

என் கணவர் தெத்சுரோவுக்கு ஒரு வியாதி உண்டு. இரவல் வாங்கின பொருள் வீட்டில் இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் ஏதாவது வந்தால், கழுவித் துடைத்து, நாலு ஆரஞ்சுப் பழம் போட்டுத்தான் கிண்ணம் திரும்பிப் போகும். அப்படிப்பட்ட மனுஷர் ஏழு வருஷம் ஒரு மணியை வீட்டில் விட்டுவைத்தார் என்றால், அது எனக்காகத்தான்.

சின்னப் பித்தளை மணி. பள்ளத்தாக்கில் ஆற்றோரமாக நடக்கப் போகிறவர்களுக்காக, பாதை தொடங்கும் இடத்தில் ஒரு மரப்பெட்டியில் போட்டுவைத்திருப்பார்கள். சத்தம் கேட்டால் கரடி ஒதுங்கிப் போய்விடும். பையில் கட்டிக்கொண்டு நடந்து, மறுமுனையில் இருக்கிற பெட்டியில் போட்டுவிட வேண்டும். எங்கள் பிள்ளை நாகி ஆறு வயதில் அதைப் பையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். அடுத்த லீவில் போய்ப் போட்டுவிடலாம் என்று இருந்தோம். அந்தக் குளிர்காலத்தில் மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் பிள்ளை இல்லை.

அதற்கப்புறம் மணி என் தலைமாட்டில்தான் இருந்தது. இப்போது வீடு மாற்றுகிறோம். "இரவல் பொருளை வேற ஊருக்குத் தூக்கிட்டுப் போறது நல்லா இல்ல," என்றார். போன வாரம் நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் களிம்பெல்லாம் போகத் தேய்த்து, நாகி கடித்துக் கடித்துப் பிரிந்துபோன சிவப்புக் கயிற்றைக் கழற்றி, அதே மாதிரி புதுக் கயிறு கட்டி வைத்திருந்தார். பார்த்ததும், கடைப் பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டேன்.

"பழைய கயிறு எங்க?"

"இத்துப்போச்சு."

அவ்வளவுதான். கல்லுளிமங்கன். இந்த மனுஷனுக்கு நெஞ்சு என்று ஒன்று இருக்கிறதா என்று அன்றைக்கெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவினேன்.

ஞாயிற்றுக்கிழமை போய் மணியைப் பெட்டியில் போட்டுவிட்டு வரலாம் என்றார். சரி, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் கொடுப்பதாக இல்லை. மறுமுனைப் பெட்டிக்குப் பக்கத்தில் போனதும் மணியைக் கைக்குள் மூடிக்கொண்டு பஸ் ஏறிவிடுவது என்று தீர்மானமாக இருந்தேன். அவர் என்னடாவென்றால், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்க ஒரு பெட்டி இனிப்பு வாங்கித் துணியில் கட்டி எடுத்து வந்திருந்தார்.

நவம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை. இலை சிவந்த நேரம், கேட்க வேண்டுமா, எங்கே பார்த்தாலும் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். பாதை தொடங்கும் இடத்தில் மணிப்பெட்டி காலி. முதல் மரப்பாலத்தில் ஒரு சின்னப்பெண் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நகரமாட்டேன் என்றாள். நாலைந்து வயதிருக்கும்.

"மணி இல்லாம வரமாட்டேன். கரடி வரும்."

"அப்பா கை தட்டிட்டே வரேன்டா, சயோ," என்றான் அவள் அப்பா.

"உன் கையைத் தின்னுடும்."

"சரி, பாடிட்டே வரேன்."

"வேண்டாங்க, நாங்களே ஓடிடுவோம்," என்றாள் கைக்குழந்தையை நெஞ்சோடு கட்டியிருந்த அம்மா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. உதடு பிதுங்கிவிட்டது.

நான் வழி விட்டு ஒதுங்கினேன். கோட்டுப் பையில் மணி கிணுங்கியது. அந்தச் சின்னப்பெண் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். நான் இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொடுத்திருக்கவே மாட்டேன்.

"அந்தப் பக்கம் போனதும் என் கையில குடுத்துடணும். சரியா?"

"சரி, அத்தை."

அவள் பையில் கட்டிவிட்டேன். முடிச்சு இரண்டு தரம் அவிழ்ந்தது.

அவர்கள் முன்னால் போனார்கள். மணிச் சத்தம் வளைவுக்கு வளைவு கேட்டுக்கொண்டே போயிற்று. நாகி இப்படித்தான் முன்னால் ஓடுவான். மரத்துக்குப் பின்னால் ஒளிந்து, மணியைக் கைக்குள் பொத்திக்கொள்வான். நாங்கள் தேடுவதுபோல் நடிக்க வேண்டும். இரண்டு நிமிஷம் பொறுக்கமாட்டான், அவனே ஆட்டிக் காட்டிக்கொடுத்துவிடுவான். அந்த முதல் மைல் முழுக்க என் பிள்ளைதான் எனக்கு முன்னால் போகிறான் என்று நடந்தேன். சந்தோஷமாகவே இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

"மெதுவாப் போங்களேன், முட்டி வலிக்குது," என்றேன் இவரிடம்.

"கொஞ்சம் எட்டி நட. சத்தம் கேக்கற தூரத்துலயாவது போவோம்."

ஆனால் அருவி விழுகிற இடத்தில் தண்ணீர் இரைச்சல் அதை விழுங்கிவிட்டது. அப்புறம் காது கொடுத்துக்கொண்டேதான் நடந்தேன். கேட்கவில்லை.

மறுமுனையில் அந்தக் குடும்பம் எங்களுக்காகக் காத்திருந்தது. சயோ ஓடிவந்தாள்.

"அத்தை, நானே போட்டுட்டேன்!"

"எங்க கண்ணு?"

"பெட்டியில. வரிசையில நின்னு போட்டேன்."

அவள் அப்பா குனிந்து வணங்கினான். "உங்க கையில குடுக்கணும்னுதான் சொன்னா. எப்படியும் பெட்டிக்குப் போற மணிதானே, உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு நான்தான் போடச் சொன்னேன்."

பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் என்ன தப்புச் செய்தாள்? "சமத்து," என்று தலையைத் தடவிக் கொடுத்தேன்.

அவர்கள் பஸ் போனதும் பெட்டியிடம் போனேன். ஐம்பது மணிக்குக் குறையாது. எல்லாம் துலக்கிய பித்தளை, எல்லாம் புதுச் சிவப்புக் கயிறு. ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே ஆட்டினேன். ஆயிரம் மணிக்கு நடுவிலும் கண்டுபிடித்துவிடுவேன் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். இதுவா என்றால் இதுதான் போலிருந்தது, அடுத்ததும் அதே போலிருந்தது. பெற்றவளுக்குத் தெரியவில்லை. பின்னால் ஜனங்கள் மணியைக் கையில் வைத்துக்கொண்டு காத்து நின்றார்கள்.

"களிம்பு இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். யாரு உங்களைத் தேய்க்கச் சொன்னது?"

"அழுக்கோட எப்படித் திருப்பிக் குடுக்கறது?" என்றார்.

அங்கே இருந்த காவலாளியிடம் போய் இடுப்பு வளைய மன்னிப்புக் கேட்டு, இனிப்பை நீட்டினார். அந்த மனுஷன் பதறிப்போனான்.

"அட, ஒரு மணிக்கா இதெல்லாம்? பிள்ளைங்க எடுத்துட்டுப் போயிடும், நாங்க தேடுறதே இல்ல. அம்மாவுக்குப் பிடிச்சிருந்தா ஒண்ணு எடுத்துக்கட்டுமே."

நான் கையிலிருந்ததைப் பெட்டியில் போட்டுவிட்டு விலகி வந்தேன்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பர்ஸை எடுத்து, உள் அறையிலிருந்து எதையோ வெளியே எடுத்தார். சிவப்புக் கயிறு. ஒரு நுனி பிரிந்து, பல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது.

"இத்துப்போச்சுன்னீங்க."

"இத்துத்தான் போயிருக்கு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அதை இரண்டு விரலால் நீவிக்கொண்டே இருந்தார். "மணி உங்கிட்ட இருந்துச்சு. எங்கிட்ட ஒண்ணும் இல்ல," என்றார். "நீ கேட்டா குடுத்தாகணுமே."

பஸ் வந்தது. நான் கேட்கவில்லை.