முப்பத்தோராவது பெட்டி

ரெஜைனா நகரில் இருந்த அந்த ஆவணக் காப்பகத்துக்குக் கொரின் வருவது இது மூன்றாம் முறை. அம்மா ஆர்டித் பேர்போன எழுத்தாளர். தன் கடிதங்களையெல்லாம் முப்பத்தொரு பெட்டிகளில் இங்கே கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினாள். முப்பது பெட்டிகளை யார் வேண்டுமானாலும் புரட்டலாம். கடைசிப் பெட்டிமேல் மட்டும், 'என் மகள் கொரின் உயிரோடு இருக்கும்வரை திறக்கக் கூடாது' என்று எழுதியிருந்தது. இது என்ன கூத்து! ஊரே படிக்கலாம், உரியவள் மட்டும் செத்துத் தொலைய வேண்டுமாம்.

ஒன்பதாம் பெட்டியில் படித்ததே அவளுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. பத்திரிகை ஆசிரியர் வெர்னனுக்கு அம்மா எழுதி, அவர் பிற்பாடு திருப்பிக் கொடுத்த கடிதம்: 'கொரின் வீடு திரும்பி ஒரு மாதம். ஒரு பக்கம்கூட எழுத முடியவில்லை.' அறுபத்தெட்டு வயதிலும் அந்த வரி வலித்தது. திறந்து வைத்ததே இந்த லட்சணம் என்றால், பூட்டி வைத்ததில் எப்படியெல்லாம் திட்டியிருப்பாளோ? அது தெரியாமல் சாக அவளுக்கு மனமில்லை.

"ஏம்மா டார்லின், நான் செத்துட்டேன்னு எழுதிக்கோயேன்."

காப்பாளர் டார்லின் சிரித்தாள். "வாசல்ல உங்க கார் நிக்குதே, யார் நம்புவாங்க? பெட்டியத் தர முடியாதுங்க. உள்ள என்ன இருக்குங்கற பட்டியலுக்குப் பூட்டு கிடையாது. பாக்கறீங்களா?"

"இத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீங்க கத்துன கத்துல எனக்கு எம்பேரே மறந்துபோச்சு."

பட்டியலில் இரண்டே வரி. போதை மறுவாழ்வு இல்லத்திலிருந்து கொரின் தாய்க்கு எழுதிய கடிதங்கள், பதினேழு. அடகுக்கடைச் சீட்டு ஒன்று, தட்டச்சு இயந்திரம், மார்ச் 1977, வைத்தவர் பெயர் கொரின்.

கொரினுக்குக் காது சுட்டது. போதைக்காக அதைத் தூக்கிப்போய் அடகு வைத்தவள், சமையலறை ஜன்னலை உடைத்துத் திருடன் வந்துவிட்டான் என்று அழுது நடித்தாள். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னலில் பலகை அடித்தாள், அவ்வளவுதான். இவளுடைய கோட்டுப் பையில் இருந்த சீட்டு அம்மா கையில் சிக்கியிருக்க வேண்டும்.

"அந்த ஒன்பதாம் பெட்டியக் குடும்மா."

வெர்னன் கடிதத்தை எடுத்தாள். மார்ச் 1977. முன்னும் பின்னும் எல்லாமே தட்டச்சுக் கடிதங்கள். இது ஒன்று மட்டும் பென்சிலில், கையால் எழுதியது. இத்தனை தடவை படித்தும் அது இவள் கண்ணில் படவேயில்லை. அடுத்த வரி, 'காரணம் கேட்காதே.' தட்டச்சு இயந்திரம் போன கதையை வெர்னனிடம்கூட அம்மா சொல்லவில்லை.

டார்லின் தயங்கிச் சொன்னாள். "பெட்டியில இருக்கறது உங்க கடிதங்கதானே. நீங்க கையெழுத்து போட்டா, மேல கேட்டுப் பாக்கறேன்."

"வேணாம்மா. நான் சாகற வரைக்கும் அது அப்படியே இருக்கட்டும்."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கடிதத்தின் மேல் சொட்டிவிடாமல் டார்லின் அதை மெல்ல நகர்த்தி வைத்தாள்.