ஓரத்துக் கேஸ்

அப்பாவின் நுரையீரலில் இருந்த புற்றுநோய்க் கட்டியைப் பற்றி வைத்தியர் நிறையச் சொன்னார். அதிலிருந்து அப்பா ஒரேயொரு சொல்லைத்தான் எடுத்துக்கொண்டு வந்தார். மேலே.

குறிகட்டுவான் துறையில், ஊருக்குத் திரும்ப நெடுந்தீவு வள்ளம் ஏறியதும் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "டொக்டர் கையாலயே காட்டினவர், மேல எண்டு. மேல போற ஆளுக்கு என்னத்துக்கு ஒப்பரேசன்? திங்கட்கிழமை நான் வரேல்லை."

"நீங்கள் மேல போவியளோ?" என்றார் அம்மா. "ஆர் உங்களை அங்க விடுறது? அந்தோனியாருக்கு நேந்துவிட்ட சேவலைச் சமைச்சுத் திண்ட ஆள்!"

வள்ளமே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்காமல் இருமினார்.

வைத்தியர் சொன்னது முழுவதும் எனக்கு நினைவிருந்தது. ஆனால் ஆட்களுக்கு முன்னால் எனக்குக் குரல் வராது. அம்மாவின் காதுக்குள் சொன்னேன். கட்டி நுரையீரலின் மேற்பகுதியில், ஓரமாக இருக்கிறது. நடுவில் பெரிய குழாய்களுக்குக் கிட்ட இருந்தால் எடுப்பது கடினம். ஓரத்தில் என்றால் சுத்தமாக வெட்டலாம், அதன்பிறகு கனகாலம் உயிரோடு இருக்கிற வாய்ப்பும் அதிகம். அவர் சத்தியம் பண்ணவில்லை, வாய்ப்பு என்றுதான் சொன்னார்.

அம்மா அதை உரக்கச் சொன்னார்.

"ஓரமெண்டால் என்ன, நடுவெண்டால் என்ன? கட்டி கட்டிதானே," என்றார் அப்பா.

அதற்குள் இறங்குதுறை வந்துவிட்டது. வாசலோரம் இருந்தவர்கள் ஒரே எட்டில் இறங்கினார்கள். எங்கள் ஊர்ச் சின்னத்தங்கம் மாமி வழமைபோல நட்டநடுவில், அரிசி மூட்டைக்கும் காஸ் சிலிண்டருக்கும் இடையில் சிக்கியிருந்தார். ஒருவர் கையைப் பிடித்து இழுத்தார், இன்னொருவர் மூட்டையைத் தூக்கினார், யாருடையதோ முட்டைத் தட்டு சரிந்து உடைந்தது.

அம்மா அப்பாவின் முழங்கையில் இடித்தார். "பாத்தியளே? உங்கட கட்டி வாசலோரம் இருக்குது. சின்னத்தங்கமக்கா மாதிரி நடுவில இருந்திருந்தால் டொக்டர் என்ன பாடு பட்டிருப்பார்?"

"ஆரடி என்னைக் கட்டி எண்டது?" என்று உள்ளேயிருந்து மாமி கத்தினார்.

அப்பா உடைந்த முட்டைகளைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக வள்ளத்தில் முதல் ஆளாக ஏறி வாசலோரம் இருந்தது அவர்தான். வள்ளக்கார அன்ரன் அண்ணை, "பத்திநாதரண்ணை, உள்ளுக்கு அரக்கி இருங்கோவன்," என்றார்.

"ஏலாது. நான் ஓரத்துக் கேஸ்."

நடுவிலிருந்து சின்னத்தங்கம் மாமியின் குரல் கேட்டது. "பத்திநாதர், திரும்பி வரேக்கையும் உதிலயே இரும். உம்மட கட்டியை மட்டும் அங்க இறக்கிப்போட்டு வாரும்!"

அப்பா இருமி இருமிச் சிரித்தார்.