பையருக்கு ஒரு ஈரச் சட்டை

பையர் என்பது நாயின் பெயர். பக் இனம். அயர்ன் பாக்ஸை மூஞ்சியில் வைத்து அழுத்தி எடுத்தது போல முகம். கட்டிங் மாஸ்டர் பூபாலன் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் முதலாளி தங்கவேலு, மகன் ஆசைப்பட்டான் என்று வாங்கியது. முதலாளியோடு காரில் வந்து இறங்கும். செக்கிங் டேபிளில் கிடக்கும் பனியன்களை மோந்து பார்க்கும். எதுவும் பிடிக்காமல் சாம்பிள் ரூமுக்குப் போய் ஏசிக்கு நேர்கீழே குறட்டை விடும். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்க வருகிற பையர்களும் ஏறக்குறைய இதைத்தான் செய்தார்கள் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

மகன் கனடாவுக்குப் படிக்கப் போனான். நாயின் குறட்டையில் தூக்கம் போகிறது என்று முதலாளியின் மனைவி விஜயகுமாரி சொன்னார். "நீங்கதான் மாஸ்டர் நல்லாப் பாத்துக்குவீங்க" என்று மார்கழி மாதத்தில் தங்கவேலு அதைப் பூபாலன் கையில் கொடுத்தார். மார்கழியில் யார் வேண்டுமானாலும் நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம்.

பூபாலனும் மைதிலியும் குடியிருந்தது லைன் வீட்டில். மேலே சிமெண்ட் ஷீட்டு, ஒரு கதவு, ஒரு ஜன்னல். மைதிலிக்கும் அதே கம்பெனியில் செக்கிங் வேலை. பகல் முழுக்க மெஷின் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு வீட்டில் பேசுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. வருஷக்கணக்காக அப்படியே போய்விட்டது. சண்டை கிடையாது. சண்டைக்கும் பேச வேண்டுமே.

பையர் வந்த பிறகு பேச்சு வந்தது, நாய் வழியாக.

"உங்க மாஸ்டருக்கு இன்னுங் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேளு கண்ணு" என்பாள் மைதிலி.

"கொழம்பு காரம்னு சொல்லு சாமி" என்பான் பூபாலன்.

பையர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கும். எந்தச் செய்தியையும் அது திரித்துச் சொன்னதில்லை.

சித்திரை பிறந்ததும் நாய் மூச்சுக்குத் திணற ஆரம்பித்தது. பல்லடம் ரோட்டில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் கிருத்திகா பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாய்க்கு வேர்க்காதுங்க. மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளிய தள்ளோணும். இதுக்கு அந்த அளவுக்கு மூக்கு இல்லீங்க. வெயில் காலத்துல கரண்ட் போகாமப் பாத்துக்குங்க."

கரண்ட் போகாமல் பார்த்துக்கொள்வது பூபாலனின் கையில் இல்லை. அந்தச் சனிக்கிழமை பராமரிப்புப் பணிக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை மின்சாரம் இருக்காது என்று செய்தி வந்தது. கம்பெனியில் ஜெனரேட்டர் உண்டு. பூபாலன் முதலாளியிடம் கேட்டான்.

"ஒரு நாளைக்கு இங்க கொண்டாந்து வெச்சுக்கட்டுங்களா?"

"ஆடிட் வருது மாஸ்டர்" என்றார் தங்கவேலு. "கம்பெனிக்குள்ள பிராணி இருக்குதான்னு ஒரு கேள்வியே வெச்சிருக்காங்க. நான் என்னன்னு எழுதறது?"

தண்ணீர் வசதி, கழிப்பறை வசதி பற்றியும் கேள்விகள் இருந்தன. அவற்றுக்கெல்லாம் என்ன எழுதுவதென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பூபாலன் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினான். பையருக்கு ஒரு சட்டை. ஈரத்தைப் பிடித்து வைக்க வேண்டும் என்பதால் இருப்பதிலேயே கனமான இன்டர்லாக் துணியை எடுத்து, இரண்டு மடிப்பாக வெட்டினான். பவர்டேபிள் தையல் மெஷின் ஓட்டும் தனபால் தைத்தான்.

"கழுத்துப் பட்டிக்கு ரிப் வெச்சிருக்கேன் மாஸ்டர். எக்ஸ்போர்ட் குவாலிட்டி. வாஷ் கேர் லேபிள் வேணுங்களா?"

"நாய் படிக்காது."

"நாம மட்டும் படிச்சோமாக்கும்?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் டிரையல் நடந்தது. சட்டையை நனைத்துப் போட்டு, பையரை டேபிள் ஃபேன் முன்னால் உட்கார வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு அடங்கி, குறட்டை வந்தது. மைதிலி வயிற்றுப் பக்கம் கையை விட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

"பாஸுன்னு சொல்லு கண்ணு, உங்க மாஸ்டருகிட்ட" என்றாள். செக்கிங்கில் அவள் ஒரு துணியை அவ்வளவு சீக்கிரம் பாஸ் பண்ணியது கிடையாது.

மறுநாள் காலையில் பூபாலன் சொட்டச் சொட்ட நனைத்த சட்டையைப் போட்டுவிட்டு, ஐஸ் பாட்டிலைப் பக்கத்தில் வைத்து, வெக்கை உள்ளே வரக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தினான். கதவைப் பூட்டிக்கொண்டு இரண்டு பேரும் வேலைக்குப் போனார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது, அயர்ன் செக்‌ஷனில் நீராவிக்குள் முகத்தை நீட்டியது போல இருந்தது. பையர் கதவோரம் ஒருக்களித்துக் கிடந்தது. நாக்கு தரையில் ஒட்டியிருந்தது. வாயிலிருந்து எச்சில் கோந்து மாதிரி தொங்கியது. கூப்பிட்டதற்குக் கண் மட்டும் அசைந்தது.

பூபாலன் சட்டையைத் தொட்டான். ஈரம் அப்படியே இருந்தது, ஆனால் கொதித்தது.

அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. ஈரத்துணி காயும்போதுதான் குளிரும். காய்வதற்குக் காற்று வேண்டும். சாயப்பட்டறையில் காயாமல் குவித்துப் போட்ட துணி உள்ளுக்குள்ளேயே சூடேறிக் கிடப்பதை ஆயிரம் தடவை கையை விட்டுப் பார்த்தவன் அவன். சட்டைக்கு டிரையல் பார்த்ததோ ஓடுகிற ஃபேன் முன்னால்.

மைதிலி டாக்டருக்குப் போன் போட்டாள்.

"மொதல்ல அந்தச் சட்டையக் கழட்டுங்க" என்றார் கிருத்திகா. "மேல ஐஸு கீஸு வெக்காதீங்க. சாதாத் தண்ணியா ஊத்தி ஃபேனைப் போடுங்க."

"கரண்ட் இல்லீங்களே மேடம்."

"அப்பத் தண்ணிய ஊத்திக்கிட்டே வண்டில கொண்டாந்துருங்க. காத்துப் படற மாதிரி புடிச்சுக்குங்க. நிக்காம வாங்க."

சட்டை ஊறி உடம்போடு இறுகியிருந்தது, கழற்ற வரவில்லை. பூபாலன் கத்திரியை எடுத்துக் கழுத்திலிருந்து வால் வரை ஒரே வெட்டாக வெட்டினான். ரிப் பிரமாதமாகத் தைக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் மட்டும் கத்திரி திணறியது.

மொபெட்டில் மைதிலி பின்னால் உட்கார்ந்து, நாயைப் பக்கவாட்டில் காற்றுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில். வண்டி ஓட ஓட அவள் ஊற்றினாள். வெயில் காற்றுதான், இருந்தாலும் காற்று.

"மூச்சு விடுதா?"

"விடுதுங்க. பேசாம ஓட்டுங்க."

முக்கில் சிக்னல் எரியவில்லை. அதற்கும் கரண்ட் இல்லை. நான்கு பக்கமும் கன்டெய்னர் லாரிகள் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றன. வண்டி நின்றது. காற்றும் நின்றது. மைதிலியின் கைக்குள் பையரின் விலா படபடவென்று அடித்தது.

"நிக்காதீங்க, நிக்காதீங்க!" என்றாள் அவள்.

பக்கத்தில் ஒரு பெட்ரோல் பங்க். பூபாலன் உள்ளே திருப்பி, பம்ப்புகளைச் சுற்றினான். ஒரு சுற்று, இரண்டு சுற்று. பிறகு யாரும் எண்ணவில்லை.

பங்க் ஆள் கையில் குழாயோடு கூடவே திரும்பித் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்ணா, பெட்ரோலுங்களா?"

"வேண்டாங்க. காத்துங்க."

"காத்து அக்கட்டால இருக்குதுங்க" என்று டயருக்குக் காற்றடிக்கும் மெஷினைக் காட்டினார். அடுத்த சுற்றில் நாயைப் பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்காமல் வாளியில் தண்ணீர் பிடித்துவந்து, வண்டி தன்னைக் கடக்கும்போதெல்லாம் ஒரு மக்கு மொண்டு வீசினார். மூன்று பேரும் நனைந்தார்கள். பெட்ரோலுக்கு நின்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை.

லாரிகள் நகர்ந்ததும் பூபாலன் ரோட்டுக்கு ஏறினான்.

கிளினிக்கில் இன்வெர்ட்டர் ஃபேன் ஓடியது. ஊசி, குளுக்கோஸ், ஈரம், காற்று. வெகுநேரம் கழித்துப் பையர் தலையைத் தூக்கி, மேஜையை மோந்து பார்த்து, பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மைதிலி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"பொழச்சுக்குச்சுங்க" என்றார் கிருத்திகா. "ஆனா இன்னொரு தடவை இப்படி ஆனா தாங்காது. அந்த ஊட்டுல இந்தக் கோடைய இது தாண்டாதுங்க."

பூபாலன் மைதிலியைப் பார்த்தான். நடுவில் நாய் படுத்திருந்தது. அதன் வழியாகச் சொல்லக்கூடிய செய்தியல்ல இது. நேராக அவளைப் பார்த்தே சொன்னான்: "ஓனரூட்டுல உட்டுரலாம்."

அவள் சரியென்று தலையை ஆட்டினாள்.

விஜயகுமாரி கதவைத் திறந்தார். உள்ளே ஜெனரேட்டரில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. விவரத்தைக் கேட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"பாவந்தானுங்க மாஸ்டர். ஆனா ராத்திரியெல்லாம் கொறட்டை உடுமே."

"உடுமுங்க" என்றான் பூபாலன். "அது உட்டாத்தானுங்க உசுரோட இருக்குதுன்னு அர்த்தம்."

அந்த அம்மாள் அவனுடைய ஈரச் சட்டையைப் பார்த்தார். பிறகு கதவை அகலமாகத் திறந்தார்.

"ஆடிக் காத்து ஆரம்பிச்சதும் வந்து கூட்டிக்கறனுங்க" என்றான் பூபாலன்.

"பாக்கலாங்க" என்றார் விஜயகுமாரி.

பையர் தள்ளாடித் தள்ளாடி உள்ளே போய், ஏசிக்கு நேர்கீழே பழைய இடத்தைக் கண்டுபிடித்துப் படுத்தது. வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர்கள் வீடு திரும்பிக் கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. போட்டபடியே இருந்த ஃபேன் சுற்ற ஆரம்பித்து, வெட்டிய சட்டையை ஒரு ஓரமாகத் தள்ளியது. அதற்குள் அது பாதி காய்ந்திருந்தது. பூபாலன் அதை எடுத்து மடித்தான். பிறகு எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

மைதிலி மத்தியானச் சோற்றைச் சூடு பண்ணி எடுத்து வந்தாள்.

"உங்க மாஸ்டருக்கு..." என்று கதவோரம் பார்த்துத் தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள்.

கரண்டியோடு அவன் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, சோறு போடட்டுங்களா?"

"போடு மைதிலி" என்றான் அவன். "நீயும் உக்காரு."