லூர்துமேரியின் உயரம்

சைக்கிள் விடக் கற்றுக்கொண்ட மறுநாள் காலை, நாற்பது வயது லூர்துமேரி அரை அங்குலம் வளர்ந்திருந்தார். இது நடந்தது 1981 ஜூலையில், கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்துக் காலனி வீட்டில். முதலில் அவரே கவனிக்கவில்லை. தினமும் எக்கி எடுக்கிற கொடித்துணி அன்று எக்காமலே கைக்கு வந்தது. பாவாடை கணுக்காலுக்கு மேலே நின்றது. துவைத்துத் துவைத்துத் துணி சுருங்கிவிட்டது என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே பஸ் ஏறினார். அந்த ஆண்டு மழை சுமார், மல்லாட்டை என்கிற நிலக்கடலை விளைச்சல் பரவாயில்லை.

அவர் வேலை பார்த்தது திண்டிவனத்தில் ஓர் அரசு அலுவலகத்தில். எந்த அலுவலகம் என்று சொல்ல வேண்டாம், அங்கே இருந்தவர்கள் சிலர் இன்னும் நல்ல ஞாபகசக்தியோடு இருக்கிறார்கள். கணவர் சவரிமுத்து அங்கே அலுவலக உதவியாளராக இருந்து காலமானதால், கருணை அடிப்படையில் அந்த வேலை 1980-இல் இவருக்கு வந்தது. சேர்ந்த அன்றே பணிப்பதிவேடு திறந்தார்கள். பணிப்பதிவேடு அரசு ஊழியருக்கு ஜாதகம் மாதிரி. பிறந்த தேதி, அங்க அடையாளம், உயரம் எல்லாம் அதன் முதல் பக்கத்தில் ஏறிவிடும். சுவரோரம் நிறுத்தி அளந்து, 'நான்கு அடி எட்டரை அங்குலம்' என்று எண்ணாலும் எழுத்தாலும் நீல மையில் எழுதினார்கள். இடது கன்னத்து மச்சத்தையும் வலது முழங்கால் தழும்பையும் குறித்துக்கொண்டார்கள். அதிகாரி கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். லூர்துமேரியின் உயரம் அத்தோடு முடிவாகிவிட்டது என்று லூர்துமேரி உட்பட எல்லோரும் நம்பினார்கள்.

சைக்கிள் கற்றதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. தபால் கட்டைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தால் கால் கொதித்தது, அவ்வளவுதான். ஆனால் சைக்கிளில் தபால் கொண்டுபோகிறவருக்கு உறையின்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. மூன்றாம் வகுப்போடு விட்ட தமிழைத் திரும்பப் பிடித்து, எட்டு மாதத்தில் செய்தித்தாளைத் தடங்கலில்லாமல் படித்தார். அதற்கு ஓர் அங்குலம். கூட்டேரிப்பட்டில் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் லாரிகளின் நெற்றியைப் பார்த்து ஆங்கில எழுத்துகளைக் கற்றார். அதற்கு அரை அங்குலம். எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதிப் பாஸ் பண்ணியதற்கு ஒன்றரை அங்குலம் கிடைத்தது. தமிழ்த் தட்டச்சு லோயர் தேர்வுக்கு ஓர் அங்குலம். பஞ்சர் ஒட்டுவது, ஃபியூஸ் போடுவது, ரவிக்கை வெட்டுவது என்று சில்லறையாகச் சேர்ந்தது இன்னும் ஒன்று. ஊர்வம்பு தெரிந்துகொண்ட நாட்களில் மட்டும் அவர் ஒரு நூல்கூட வளரவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஏனென்றால் அவர் அதிலும் கெட்டிக்காரர். பக்கத்து வீட்டு கெங்கம்மாள், வாசலில் அவர் தலை இடிப்பதைக் கண்டு, "ஏம்மா மேரி, இன்னும் ஒரு பரீட்சை எழுதினா கூரைய ஒசத்திக் கட்டணும் போலக்குதே" என்று சிரித்ததைத் தவிர, காலனியில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. பிள்ளைகள் வளர்கிறார்கள், பூசணி வளர்கிறது, மேரியும் வளர்கிறார் என்று விட்டுவிட்டார்கள்.

அலுவலகம் அப்படி விடவில்லை. 1985 கடைசியில் பதிவறை எழுத்தர் பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. எட்டாம் வகுப்பு போதும் என்பதால் லூர்துமேரியின் பெயர் முதலில் இருந்தது. பத்தே நாளில் விழுப்புரத்து மேலலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போய்ச் சேர்ந்தது. வேலையில் சேர்ந்த லூர்துமேரி நான்கு அடி எட்டரை அங்குலம், இப்போது வேலை பார்க்கும் பெண்மணி ஐந்து அடி இரண்டு அங்குலம், ஆகவே இது ஆள்மாறாட்டம் என்று அதில் தட்டச்சாகியிருந்தது. கணக்கு சரி. உள்ளதைச் சொன்னால், அந்த அலுவலகத்திலிருந்து அவ்வளவு பிழையில்லாத கடிதம் அதற்குமுன் போனதில்லை.

விசாரணைக்கு அரங்கநாதன் என்ற அதிகாரி நியமிக்கப்பட்டார். ஐம்பத்தாறு வயது. கெட்டவர் இல்லை; விதியைப் படித்துவிட்டுத்தான் தும்முவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். மச்சத்தைப் பார்த்தார், சரியாக இருந்தது. தழும்பு இருக்கிறதென்று பெண் டாக்டர் சான்று தந்தார். உயரம் மட்டும் ஐந்தரை அங்குலம் கூடுதல். லூர்துமேரி முன்னால் நின்று, "ஐயா, நான் அதே மேரி தாங்க. எதுனா ஒண்ணு கத்துக்கினா வளந்துடறேன், நான் இன்னா பண்ணட்டும்?" என்றார். அரங்கநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொய் சொல்கிறவர்களை முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பார்த்தவர் அவர், இது அந்த முகம் இல்லை என்று தெரிந்தது. ஆனால் விதிப்புத்தகத்தில் வளர்கிறவர்களுக்கு இடமில்லை. யோசித்து ஓர் ஆணை போட்டார். மூன்று மாதம், மாதம் ஒருமுறை விழுப்புரத்தில் அளவெடுக்கப்படும். உயரம் ஐந்து அடி இரண்டிலேயே நின்றால், பழைய அளவு எழுத்துப்பிழை என்று திருத்திப் பதவி உயர்வும் தரப்படும். கால் அங்குலம் கூடினாலும் ஆள்மாறாட்டம் உறுதி, வேலை போகும். எனவே அம்மூன்று மாதமும் மேற்படியார் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளக் கூடாது. அவரை ஒருமையில் அழைத்து, "படிக்காம இரு, போதும். ரொம்பச் சுலபம்" என்று ஆறுதலும் சொன்னார்.

சுலபமாக இல்லை. பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு போனார். மல்லாட்டை மடித்து வந்த காகிதத்தைப் படிக்காமல் கசக்கி எறிந்தார். டீக்கடை ரேடியோவில் விவசாய நிகழ்ச்சி வந்தால் காதைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். ஒருநாள் கெங்கம்மாள் கேப்பைக் களிக்கு ஏதோ புதுப் பக்குவம் சொல்ல வந்தபோது, "ஐயோ, சொல்லாதம்மா, வேல பூடும்!" என்று கத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார். விஷயத்தைக் கேட்ட பிறகும் கெங்கம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒண்ணும் கத்துக்காதன்னு சொன்னா ஊர்ல எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க. நீ மட்டும் ஏன் இந்தப் பேஜாரு படற?" என்று கேட்டாள்.  அந்த முதல் மாதத்தைப் போல லூர்துமேரி தம் வாழ்நாளில் வேறெந்த மாதத்திலும் அழுததில்லை. கணவர் இறந்த மாதத்தைக்கூட அவர் இதற்கு அடுத்ததாகத்தான் சொல்வார். பிப்ரவரியில் அளந்தார்கள், ஐந்து அடி இரண்டு. வேலை தப்பியது.

கற்கக் கூடாது என்றுதான் ஆணையில் இருந்தது. கற்பிக்கக் கூடாது என்று இல்லை. இதை முதலில் கண்டுபிடித்தவர் அலுவலகக் காவலாளி மண்ணாங்கட்டி. மகள் கல்யாணப் பதிவில் சம்பந்தி வீட்டார் முன்னால் கைநாட்டு வைத்தது அவருக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது. "மேரிம்மா, சும்மாதானே குந்திக்கினு கீற, எனக்குக் கையெழுத்துப் போடக் கத்துக்குடேன்" என்றார். சாப்பாட்டு வேளையில் காராபூந்தி பொட்டலத்துக்குப் பின்பக்கம் எழுதிப் பழகினார்கள். 'ண்'ணும் 'ணா'வும் அவரைப் பதினாறு நாள் பாடுபடுத்தின. பதினேழாம் நாள் மண்ணாங்கட்டி தன் பெயரை முழுதாக எழுதினார். மறுநாள் அவருடைய காக்கி முழுக்கால் சட்டை அரை விரற்கடை உயர்ந்து நின்றது. அவர் அதை அலுவலகம் முழுக்க நடந்து காட்டினார்.

அடுத்து வந்தவர் தட்டச்சர் பாண்டுரங்கன். நாற்பத்து நான்கு வயதில் சைக்கிள் கற்க வேண்டும் என்றார். மொட்டைக் கடுதாசியை எழுதியவர் அவர்தான் என்பது லூர்துமேரிக்கு ஜனவரியிலேயே தெரியும். விசாரணையில் கடிதத்தைக் காட்டியபோது, 'ன' எல்லாம் வரிக்கு மேலே எம்பி நின்றதைப் பார்த்தார். அப்படி எம்புகிற இயந்திரம் ஒன்றுதான், பாண்டுரங்கனுடையது. அதைத் தினமும் துடைத்தவர் அவர். வெளியே சொல்லவில்லை. கோபம் இருந்தது, நிறையவே இருந்தது. இருந்தாலும் அலுவலக மைதானத்தில் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். நாலாம் நாள், கைப்பிடி தள்ளாட, முன்னால் பார்த்தபடியே பாண்டுரங்கன் சொன்னார்: "மேரிம்மா, அந்த லெட்டரு நான்தான் போட்டேன். நீங்க வந்தப்ப என் மூக்குக்குத்தான் இருந்தீங்க. இப்ப அண்ணாந்து பாக்க வேண்டியிருக்குது. தாங்கல." லூர்துமேரி பிடியை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். விடவில்லை. "நேரா பாத்து மிதிங்க சார், ஜல்தி" என்றார். பாண்டுரங்கன் அந்த வாரமே முக்கால் அங்குலம் வளர்ந்தார்.

மார்ச் அளவுக்கு விழுப்புரம் போனபோது அரங்கநாதன் மதியம் மூன்று மணிவரை காக்க வைத்தார். வேண்டுமென்று இல்லை, வயிற்றுவலி. குடும்பம் கும்பகோணத்தில், இவர் ஓர் அறையில் தனியாக, ஒன்பது வருடமாக ஓட்டல் சாப்பாடு. அளவு ஐந்து அடி இரண்டுதான் வந்தது. கிளம்பும்போது லூர்துமேரியால் பொறுக்க முடியவில்லை. "ஐயா, ஒரு ஆழாக்கு அரிசி வடிச்சுக் கஞ்சியா குடிச்சாலே வயிறு கேக்குமே" என்றார். அரிசியை எப்படி வடிப்பது என்று அதிகாரி தாழ்ந்த குரலில் கேட்டார். உலை கொதித்ததும் அரிசி போடுவது, பருக்கையை விரலில் நசுக்கிப் பார்ப்பது, தட்டை அழுத்திப் பானையைச் சாய்ப்பது எல்லாவற்றையும் லூர்துமேரி வராந்தாவில் நின்றே சொன்னார். அரங்கநாதன் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதிக்கொண்டார்.

ஏப்ரலில் கடைசி அளவு. சுவரோரம் நின்றார், இரும்பு டேப் இறங்கியது. ஐந்து அடி இரண்டேகால். அரங்கநாதன் இரண்டாம் முறை அளந்தார். அதே இரண்டேகால்.  வேலை போனால் லூர்துமேரி மறுபடி களையெடுக்கத்தான் போக வேண்டும்; அதைவிட, ஆறு வருடம் வேறொருத்தி பேரில் இருந்தவள் என்று எழுதிவிடுவார்கள். "என்ன கத்துக்கிட்ட? உண்மையச் சொல்லு" என்றார் அவர். "ஒண்ணும் கத்துக்கலீங்க. மூணு பேருக்குக் கத்துக்குடுத்தேன். சொல்லிக்குடுக்கறது எப்படின்னு அதுல கத்துக்கினேன் போலக்குது" என்றார் லூர்துமேரி, தலையைக் குனிந்துகொண்டு. குனிந்ததால்தான் அதிகாரியின் கால்சட்டை கண்ணில் பட்டது. பாதத்தருகே மடிப்பைப் பிரித்துவிட்டிருந்தார்கள். மேலே வெளுத்த துணியும் கீழே அரை அங்குலத்துக்கு வெளுக்காத பட்டையும் பளிச்சென்று தெரிந்தன.

அவர் பார்ப்பதை அரங்கநாதன் பார்த்தார். பேனா கையில் இருந்தது. எழுதிவிட்டு அனுப்பியிருக்கலாம், கேட்பாரில்லை. ஓய்வுபெற இரண்டே வருடம். பேனாவை வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் போய் நின்றார். "டேப்ப எடு. என்னை அள" என்றார். 1951-இல் அவர் பதிவேட்டில் எழுதியது ஐந்து அடி ஐந்து. லூர்துமேரி அளந்தது ஐந்து அடி ஐந்தரை. முப்பத்தைந்து ஆண்டுகளில் அவர் கற்ற முதல் விஷயம் சோறு வடிப்பது என்பது அப்போது இருவருக்குமே தெரிந்துபோனது. அவருக்கு வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. உட்கார்ந்து அறிக்கை எழுதினார். மேற்படி பெண்மணி ஆள்மாறாட்டம் செய்தார் என்றால் விசாரணை அதிகாரியாகிய தானும் அதையே செய்திருக்கிறார் என்றும், இருவர் மீதும் ஒரே நடவடிக்கை எடுக்குமாறும் எழுதி, இரண்டு அளவுகளையும் இணைத்து அனுப்பினார்.

மேலிடத்தில் அந்தக் கோப்பு ஒன்பது மாதம் சுற்றியது. அதற்குள் திண்டிவனத்து அலுவலகத்தில் பதினொரு பேரில் எட்டுப் பேருக்கு உயரம் ஒத்துப்போகாமல் ஆகிவிட்டது. ஒருவர் செஸ் பழகினார், ஒருவர் மனைவியிடம் பூக்கட்டக் கற்றார். எட்டுப் பேரையும் நீக்கினால் தபாலைப் பிரிக்க ஆளில்லை. 1987 பிப்ரவரியில் ஆணை வந்தது. பணியாளர்களின் உயரத்தை இனிமேல் பென்சிலால் மட்டுமே எழுத வேண்டும், ஆண்டுதோறும் அளந்து திருத்த வேண்டும், அதற்காக அலுவலகத்துக்கு இரண்டு அழிரப்பர் அனுமதிக்கப்படுகிறது, ஓய்வுபெறும் நாளில் கடைசி அளவை மையால் உறுதிசெய்ய வேண்டும். லூர்துமேரி பதவி உயர்வோடு விழுப்புரம் பதிவறைக்குப் போனார். வருடத்துக்கொருமுறை ஊழியர்கள் தலைவாரிக்கொண்டு அவர் முன்னால் வரிசையில் நின்றார்கள். மூன்று பேர் மட்டும் ஒவ்வொரு வருடமும் அதே உயரத்தில் நின்றார்கள். யாரும் அவர்களை ஒன்றும் சொல்லவில்லை, அவர்களாகவே டேப் சரியில்லை என்று சொல்லிக்கொண்டார்கள்.

1988-இல் அரங்கநாதன் ஓய்வுபெற்றார். மாலை போட்டார்கள், காராசேவும் காபியும் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்ததும் விதிப்படி கடைசிக் காரியமாகப் பதிவறைக்கு வந்து சுவரோரம் நின்றார். ஐந்து அடி ஆறரை. லூர்துமேரி பென்சிலில் எழுதிவிட்டு, மையால் உறுதிசெய்யப் பேனாவின் மூடியைத் திறந்தார்.

"கொஞ்சம் பொறுங்க மேரிம்மா" என்றார் அரங்கநாதன். "விக்கிரவாண்டிகிட்ட ஒரு பம்புசெட்டுக் கிணறு பாத்து வச்சிருக்கேன். திங்கக்கிழமையிலேருந்து நீச்சல். இப்பவே மை போட்டீங்கன்னா தப்பாப் போயிடும்."

லூர்துமேரி விதியை ஒருமுறை படித்துப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிவிட்டு, பதிவேட்டை அப்படியே அலமாரியில் வைத்தார்.