மூன்று தடவை நல்லவர்

வலது கண் மூடிவிட்டது, இடது கண்தான் அடம்பிடித்தது. மைமூன் தம்பி அன்சாரின் இமையை மூன்றாம் முறையாக விரலால் இறக்கினாள். அது மறுபடியும் ஒரு நூலளவு மேலே போனது. பிறந்ததிலிருந்து பாதிக்கு மேல் திறக்காத இமை, இன்றைக்கு மூட மாட்டேன் என்கிறது.

"போதும் மதினி, லெப்பை காத்திருக்காரு," என்றாள் அன்சாரின் மனைவி ஹாஜிரா.

மைமூன் வெள்ளைக் கஃபன் துணியை அவன் முகத்தின் மேல் இழுத்துவிட்டு எழுந்தாள்.

அந்த இமைதான் அன்சாருக்கு வினையானது. போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் பத்தொன்பது வருடம் கண்டெய்னர் லோரி ஓட்டியவன். ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. போன வருடம் கம்பெனி ஒவ்வொரு லோரியிலும், ஓட்டுபவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும் ஏஐ கேமரா ஒன்றை மாட்டியது. அன்சார் தூங்குகிறான் என்று அது பதினோரு தடவை எழுதியது. "மெஷின் பொய் சொல்லாது" என்று மேனேஜர் மைதீன் அவனை வீட்டுக்கு அனுப்பினார். தூங்குமூஞ்சி என்ற பெயர் துறைமுகம் முழுக்கப் பரவியபின் வேறு யாரும் அவனுக்கு லோரிச் சாவி தரவில்லை. நான்கு மாதம் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தான். நேற்றுக் காலை நெஞ்சு நின்றுபோனது.

மைமூனின் வயிற்றெரிச்சலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. இப்படிப்பட்ட இயந்திரங்கள் மனிதர்களை என்ன பாடுபடுத்துகின்றன என்று துருவும் நிருபர்களுக்கு, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து வழிகாட்டுவதுதான் அவள் வேலை. சொந்தத் தம்பியின் விஷயத்தைத் தானே எழுதக் கூடாதென்று, தன்னிடம் வேலை பழகும் நிருபர் அனுப்பிரியாவிடம் கொடுத்திருந்தாள். அனுப்பிரியா அலையாத இடமில்லை. கம்பெனிக்காரர் ஒருவராவது பெயரோடு பேசினால்தான் கட்டுரை நிற்கும், ஒருவரும் பேசவில்லை.

வாசல் கூடாரத்தில் தொழ வைக்கும் லெப்பையின் பின்னால் ஜனாஸா தொழுகைக்கு வரிசை நின்றது. முதல் வரிசையில் மைதீன், அத்தர் மணக்க, வெள்ளை ஜுப்பாவில். என்ன நெஞ்சழுத்தம்!

பக்கத்தில் நின்ற அனுப்பிரியாவின் காதில் சொன்னாள்: "தொழுது முடிச்சதும் லெப்பை, இறந்தவரு எப்படிப்பட்டவருன்னு கேப்பாரு. எல்லாரும் மூணு தடவ நல்லவருன்னு சொல்லணும். அந்த ஆளும் சொல்வான். ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணு."

"அவருக்குத் தெரியாமலா? அது கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இன்னிக்கு மட்டும்லா."

"இன்னிக்கும் கூடாதுக்கா."

மைமூன் முறைத்தாள். பிறகு ஃபோனை உள்ளே வைக்கச் சொல்லிக் கையை ஆட்டினாள்.

தொழுகை முடிந்து லெப்பை கேட்டார். "நல்லவர்!" என்றது கூட்டம். மூன்று தடவையும் மைதீனின் குரல் கணீரென்று தனியாகக் கேட்டது.

மைமூன் கூடாரத்துக்குள் வந்து நின்றாள். அன்சார் கிடந்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கக் குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"மைதீன் அண்ணே, அல்லாவுக்கு முன்னால மூணு தடவ நல்லவருன்னு சொன்னீங்க. லோரி ஓட்டுறப்ப தூங்குறவன் நல்லவனா? இந்தப் பொண்ணு ரிப்போர்ட்டர். நீங்க சொல்றது பேப்பர்ல வரும். சொல்லுங்க."

"இங்கயா மைமூன்? இப்பவா?"

"இங்கதான். அவன் இன்னும் இங்கதானே இருக்கான்."

கூட்டத்தில் பாதிப் பேர் லோரிக்காரர்கள். எல்லோரும் மைதீன் பக்கம் திரும்பினார்கள். அவர் சந்தூக்கைப் பார்த்தார்.

"அவன் தூங்கல. அவன் கண்ணே அப்படித்தான்."

"அவன வீட்டுக்கு அனுப்புன லெட்டர்ல கையெழுத்து போட்டப்ப தெரியுமா?"

"தெரியும்."

மைமூனுக்கு அது போதவில்லை. இவர் வேலையும் போகட்டும், இவர் பெயரும் துறைமுகம் முழுக்க நாறட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள்.

அனுப்பிரியா நோட்டைத் திறந்து, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மைமூன் கற்றுக்கொடுத்த முதல் கேள்வியைக் கேட்டாள்.

"முழுப் பேரு சொல்லுங்க அங்கிள். ஸ்பெல்லிங்கோட."

சந்தூக் தோள்களுக்கு ஏறியது. கலிமா சொல்லியபடி ஆண்கள் தெருவில் இறங்கி நடந்தார்கள். மைதீன் மட்டும் காலியான கூடாரத்தில் நின்று, தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.